கல்லுக்குள்ள எண்ணெய் எப்படி வந்துச்சு? அடிக்கடி கேக்குற கேள்விங்களும் பதிலும்

பர்மாவுல ரங்கூன் பக்கத்துல இருக்கிற தன்லின்ல, நம்ம பெரியவங்க சொல்ற சிரியத்துல, ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துறேன். வகுப்பு முடிஞ்சதும் பசங்க "சயா, ஒரே ஒரு கேள்வி"ன்னு வந்து நிப்பாங்க (சயான்னா பர்மா பாஷையில வாத்தியார்), அந்த ஒரு கேள்வி எங்க சுத்தினாலும் கடைசியில எண்ணெய்லதான் வந்து நிக்கும், ஏன்னா இங்க நம்மாளுங்க நெறைய பேர் வீட்டுல தாத்தாவோ பூட்டனோ பி.ஓ.சி.ங்கிற பர்மா ஆயில் கம்பெனியோட ரிஃபைனரில, அதான் எண்ணெய் காச்சுற ஆலையில, வேலை பாத்தவங்க. சாயங்காலம் டீக்கடைக்குப் போனா அதே கேள்விய அந்தப் பசங்களோட அப்பாமாருங்க கேக்குறாங்க. எல்லாத்தையும் ஒரு எடத்துல எழுதி வச்சிட்டா லபேயே, அதான் டீ, ஆறிப்போகாம குடிக்கலாமேன்னுதான் இத எழுதுறேன்.

பூமிக்கு அடியில எண்ணெய் ஏரி மாதிரி தேங்கி நிக்குதா?

முதல்ல இத மண்டையிலேர்ந்து எடுத்துடுங்க. ஏரியும் இல்ல, குளமும் இல்ல, குகைக்குள்ள கறுப்புத் தண்ணி அலை அடிக்கிறதும் இல்ல. எண்ணெய் இருக்கிறது கல்லுக்குள்ள. சாம்பார்ல ஊறின இட்லிய நெனச்சுக்கோங்க, இட்லிக்குள்ள சாம்பார் குளம் கட்டி நிக்கல, சின்னச் சின்ன ஓட்டையில எல்லாம் புகுந்து உக்காந்திருக்கு, அமுக்கினா வெளிய வருது. அதே கததான், இட்லிக்குப் பதிலா மணல்கல்லு.

பேரே அதத்தான் சொல்லுது. பெட்ரோலியம்ங்கிற வார்த்தையப் பிரிச்சா கல்லு, எண்ணெய், அவ்வளவுதான், கல்லெண்ணெய். அதுலேர்ந்து காச்சி எடுக்குறத நம்ம தமிழ்ல மண்ணெண்ணெய்ங்கிறோம். பர்மாக்காரங்க கச்சா எண்ணெய யேனான்னு சொல்றாங்க, நாத்தம் புடிச்ச தண்ணின்னு அர்த்தம், அந்த நாத்தத் தண்ணி ஓடின ஓடையோட பேருதான் யேனான்ஜவுங், நடு பர்மாவுல ஐராவதிக் கரையில இருக்கிற பழைய எண்ணெய் ஊரு. மூணு பாஷைக்காரங்களும் பாத்ததச் சொன்னாங்க, ஒருத்தன் கல்லப் பாத்தான், ஒருத்தன் மண்ணப் பாத்தான், இன்னொருத்தன் மூக்கப் பொத்திக்கிட்டான்.

கல்லுன்னா கெட்டிதானே? அதுல எண்ணெய் புகுற அளவுக்கு எடம் ஏது?

கல்லுக்குக் கல்லு மாறும். எங்க அப்பத்தா வீட்டுல ரெண்டு கல்லு இருந்துச்சு. ஒண்ணு அம்மி, கருங்கல்லு, கப்பல்ல ஊர்லேர்ந்து வந்ததுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. இன்னொண்ணு மூஞ்சியில பூசுற தனாக்கா கட்டை உரசுற வட்டக்கல்லு, சாவ்க்பியின், அது இங்க கடைத்தெருவுல வாங்கினது, தொட்டா சொரசொரன்னு இருக்கும். அம்மி மேல ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டா அது அப்படியே நிக்கும், தொடச்சா போயிரும். மணல்மணலா இருக்கிற ஒரு கல்லு மேல விட்டுப் பாருங்க, கொஞ்ச நேரத்துல காணாமப் போயிரும், உள்ள இழுத்துக்கும்.

மணல்கல்லுங்கிறது மணல் ஒட்டிக்கிட்டு கெட்டியானது. ஒரு டப்பாவுல மொச்சக்கொட்டைய எவ்வளவு அமுக்கிக் கொட்டினாலும் கொட்டைக்கு நடுவுல சந்து இருக்குமில்ல, அதே மாதிரி மணலுக்கு நடுவுலயும் சந்து இருக்கு. நல்ல மணல்கல்லுல 100 பங்குக்கு 10லேர்ந்து 30 பங்கு வரைக்கும் வெறும் சந்துதான். கருங்கல்லுல அது 1 பங்கு கூடத் தேறாது. சந்து இருந்தா மட்டும் பத்தாது, ஒரு சந்துலேர்ந்து அடுத்த சந்துக்கு வழியும் இருக்கணும், இல்லன்னா எண்ணெய் உள்ள இருக்கும் ஆனா வெளிய வராது. களிமண்ணு கல்லான வகைக்கு ஷேல்னு பேரு, அது அப்படித்தான், உள்ள ஈரம் இருக்கும், விடாது.

கல்லு மொத்தம் எத்தனை வகை? எப்படி உண்டாகுது?

புஸ்தகத்துல மூணு வகைன்னு போட்டிருக்கும், நெருப்புல பொறந்தது, படிஞ்சு உண்டானது, உருமாறினது. நம்ம பர்மாவுல மூணையும் பஸ் ஏறிப் போயே பாத்துடலாம்.

நெருப்புல பொறந்ததுன்னா போப்பா மலை. அது அணைஞ்சுபோன எரிமலை, பக்கத்துல தவுங் கலாத்னு செங்குத்தா ஒரு குன்று, 777 படி ஏறி 'நாட்'னு பர்மாக்காரங்க சொல்ற ஆவிச் சாமிகளக் கும்புடப் போவாங்க, குரங்குங்க நம்ம கையில இருக்கிறதப் புடுங்கும். அந்தக் குன்று எரிமலைத் தொண்டையில அடைச்சுக்கிட்ட கொழம்பு அப்படியே இறுகிக் கல்லானது, சுத்தி இருந்த மெதுவான மண்ணு கரைஞ்சுபோய் தொண்டை அடைப்பு மட்டும் நிக்குது. சைத்தியோ தங்கப்பாறையும் நெருப்புக் கல்லுதான், ஆனா அது எரிமலையா கக்கினது இல்ல, பூமிக்குள்ளயே ரொம்ப ஆழத்துல மெள்ள மெள்ள ஆறின கிரானைட். மெள்ள ஆறினதால உள்ள இருக்கிற படிகம் பெருசு பெருசா இருக்கும், கண்ணுக்கே தெரியும். மேல இருந்த மண்ணெல்லாம் போய் அது வெளிய வந்து, வெடிப்பு வழியா மழைத்தண்ணி புகுந்து ஓரமெல்லாம் தேஞ்சு உருண்டையாச்சு. புத்தரோட முடி அதத் தாங்கிப் புடிச்சிருக்குன்னு நம்புறவங்க நம்பட்டும், நானும் போனா கையெடுத்துக் கும்புடத்தான் செய்வேன்.

படிஞ்சு உண்டானதப் பாக்கணும்னா ஐராவதி ஆத்தப் பாருங்க. மழக்காலத்துல அந்தத் தண்ணி ஏன் லபேயே கலர்ல ஓடுது? அவ்வளவும் மலை. மேல கச்சின் பக்கத்து மலை, சின் மலை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அரைபட்டு மாவாகி ஓடி வருது, வருஷத்துக்கு 25 கோடி டன்னுக்கு மேல மண்ணு கடலுக்குப் போய்ச் சேருது. கடல்ல போய்ப் படிஞ்சு, அது மேல அடுத்த வருஷத்து மண்ணு, அது மேல அதுக்கடுத்த வருஷம், இப்படி லட்சக்கணக்கான வருஷம் அமுங்கினா அடியில இருக்கிறது தண்ணிய விட்டுட்டு, கரைஞ்சிருந்த சுண்ணாம்பும் சிலிக்காவும் பசை மாதிரி ஒட்டி, கல்லாயிரும். மணல் படிஞ்சா மணல்கல்லு, சேறு படிஞ்சா ஷேல். சிப்பி, பவளம் எல்லாம் குவிஞ்சா சுண்ணாம்புக்கல்லு, மோல்மீன், பாஆன் பக்கம் வயலுக்கு நடுவுல திடீர்னு எழும்பி நிக்குதே குகை குகையா மலைங்க, அதெல்லாம் ஒரு காலத்துல கடலுக்கு அடியில கெடந்தது.

உருமாறினது மூணாவது. ஏற்கெனவே இருக்கிற கல்லு ஆழத்துல போய் மாட்டிக்கிட்டு சூட்டுலயும் அமுக்கத்துலயும் வெந்து வேற கல்லாகுறது, உருகாது, ஆனா உள்ளுக்குள்ள எல்லாம் மாறிரும். சுண்ணாம்புக்கல்லு வெந்தா பளிங்கு. மண்டலேக்கு வடக்கே சஜின் மலைப் பளிங்குலதான் புத்தர் சிலை செதுக்குறாங்க. மோகோக் மாணிக்கமும் பளிங்குக்குள்ள பொறந்ததுதான், துளியூண்டு குரோமியம் கலந்ததால அந்த ரத்தச் சிவப்பு.

இதுல எது எது நமக்கு வேணும்? எண்ணெய்க்கு ரெண்டாவது வகைதான் வீடு. மூணாவது வகையாகுற அளவுக்கு சூடு ஏறிட்டா எண்ணெய் கருகிப்போயிரும்.

எண்ணெய் டைனோசர்லேர்ந்து வந்ததுதானே?

இல்லப்பா. இந்தக் கேள்விய ஒவ்வொரு வருஷமும் புதுசா சேருற பையன் ஒருத்தன் கேட்டுடுவான். டைனோசர் செத்தா மத்த மிருகம் தின்னுரும், மிச்சம் காத்துல மக்கிரும். எண்ணெயானது கடல்லயும் ஏரியிலயும் மெதக்குற கண்ணுக்குத் தெரியாத பாசியும் பூச்சியும்தான். கோடிகோடியா பொறந்து கோடிகோடியா செத்து அடியில விழும். அடியில ஆக்சிஜன் இருந்தா மக்கிப்போயிரும், ஆக்சிஜன் இல்லாத கறுப்புச் சேறா இருந்தாத்தான் தப்பிச்சு சேத்தோட சேந்து புதையும். அந்தச் சேறு கல்லானதும் 100 கிலோ கல்லுக்கு ஒண்ணு ரெண்டு கிலோ இந்த மாதிரி சத்து இருந்தாலே போதும், எண்ணெய்க்குத் தாய்க்கல்லு அது.

டைனோசர் பாக்கணும்னா நம்ம ஊர்லயே வேற எடத்துல இருக்கு. ஹுக்காவுங் பள்ளத்தாக்கு அம்பர்ல, சுமார் 9.9 கோடி வருஷத்துக்கு முன்னாடி சிக்கிக்கிட்ட ஒரு குட்டி டைனோசரோட வாலு இறகோட அப்படியே இருந்துச்சு. மிச்சினா சந்தையில வித்துக்கிட்டிருந்த துண்டுல அதக் கண்டுபிடிச்சு 2016-ல உலகத்துக்குச் சொன்னாங்க. அது மரப்பிசின், எண்ணெய் இல்ல.

செத்த பாசி எப்படி எண்ணெயா மாறும்?

டான்பௌக், அதான் பர்மா பிரியாணி, அந்தக் கடையில அண்டாவுக்கு மூடி போட்டு, ஓரத்துல மாவு பூசி, தம்ல போடுவாங்களே, அதேதான். தீ பெருசா இருக்கக்கூடாது, சின்னதாவும் இருக்கக்கூடாது, நேரம் வேணும்.

பூமிக்குள்ள ஒவ்வொரு கிலோமீட்டர் எறங்குனாலும் சூடு ஏறக்குறைய 25லேர்ந்து 30 டிகிரி ஏறும். தாய்க்கல்லு மேல மண்ணு சேரச்சேர அது ஆழத்துக்குப் போகும், போகப்போக சூடாகும். முதல்ல பாசியெல்லாம் மெழுகு மாதிரி ஒரு பொருளாகும், கெரோஜன்னு பேரு, அது கரையாது ஓடாது, சும்மா ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். 60 டிகிரி தாண்டினா அது ஒடஞ்சு எண்ணெயா கசிய ஆரம்பிக்கும். 120 டிகிரி வரைக்கும் எண்ணெய்க்குக் காலம், ஆழத்துல சொன்னா சுமாரா ரெண்டுலேர்ந்து நாலு கிலோமீட்டர். அதுக்கு மேல சூடு ஏறுனா பெரிய மூலக்கூறெல்லாம் இன்னும் ஒடஞ்சு கேஸாயிரும், 200 டிகிரிகிட்ட போனா கரிதான் மிஞ்சும். அதாவது அடி புடிச்ச டான்பௌக். மேல நின்னுட்டா அரிசி வேகல, கீழ போயிட்டா கருகிருச்சு, நடுவுல ஒரு ரெண்டு கிலோமீட்டர்தான் சமையல். நேரம்னா லட்சக்கணக்குல, கோடிக்கணக்குல வருஷம், மணிக்கணக்கு இல்ல.

அப்ப யேனான்ஜவுங்ல மட்டும் ஏன் அவ்வளவு கிடைச்சுது?

இதுக்குக் கொஞ்சம் பொறுமையா உக்காருங்க.

எண்ணெய் உண்டானதும் அமுக்கம் தாங்காம தாய்க்கல்லவிட்டு வெளிய புழிஞ்சு வரும். பூமிக்குள்ள இருக்கிற சந்தெல்லாம் பெரும்பாலும் உப்புத்தண்ணி நெறஞ்சிருக்கும், ரசத்து மேல எண்ணெய் மெதக்குதில்ல, அதே மாதிரி எண்ணெயும் கேஸும் தண்ணிய விட லேசா இருக்கிறதால சந்து சந்தா நுழைஞ்சு மேல மேல ஏறப் பாக்கும். யாரும் தடுக்கலன்னா மேல வந்து கசிஞ்சு காத்தோட போயிரும், உலகத்துல உண்டான எண்ணெய்ல பெரும்பகுதி அப்படித்தான் போச்சு. தடுக்கணும்னா மேல மூடி வேணும், அது ஷேல் மாதிரி எதையும் உள்ள விடாத கல்லு, அண்டா ஓரத்துல பூசின மாவுன்னு வச்சுக்கோங்க. மூடி தட்டையா இருந்தாலும் எண்ணெய் ஓரமா நழுவி ஓடிரும், கவுத்துப்போட்ட சட்டி மாதிரி வளைஞ்சு இருந்தாத்தான் உச்சியில மாட்டிக்கும்.

இப்ப பர்மாவப் பாருங்க. நடு பர்மா முழுக்க ஒரு காலத்துல கடல் உள்ள வந்திருந்த வளைகுடா, மாக்வே பக்கத்துக் கல்லுல சிப்பியும் சுறாப்பல்லும் கிடைக்குதுன்னா அதனாலதான். சுமாரா 3 கோடி வருஷத்துலேர்ந்து 1 கோடி வருஷம் முன்னாடி வரைக்கும் அதுல ஆறுங்க கொண்டுவந்து கொட்டின மணலும் சேறும் மாத்தி மாத்திப் படிஞ்சுது, மணல், சேறு, மணல், சேறு, பாலாடை அடுக்கு மாதிரின்னு சொல்லலாம். மணல்கல்லு எண்ணெய் புடிக்கும், ஷேல் மூடியாகும். பூமியோட மேல் ஓடு பெரிய பெரிய தட்டா பிரிஞ்சு நகருது, பக்கத்துலேர்ந்து இந்தியத் தட்டு முட்டிக்கிட்டே இருந்துச்சு, முட்டினதுல பாயைத் தள்ளினா மடிப்பு விழுற மாதிரி அடுக்கெல்லாம் மடங்கி வளைஞ்சுது. யேனான்ஜவுங் அப்படி ஒரு மடிப்போட உச்சி. சௌக் ஊரும் அதே மாதிரிதான்.

இந்த ரகசியத்த ஊர்க்காரங்க புவியியல் படிக்காமயே தெரிஞ்சு வச்சிருந்தாங்க, எங்க கசியுதோ அங்க தோண்டினாங்க. 1797-ல ஹிராம் காக்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் அதிகாரி போய்ப் பாத்து 520 கிணறுன்னு எழுதி வச்சாரு. அமெரிக்காவுல டிரேக் முதல் கிணறு போட்டாருன்னு பெருமையா சொல்றாங்களே, அது 1859, அதுவும் 69 அடிக்குத்தான் போச்சு. இங்க துவின்ஸான்னு பரம்பரையா 24 குடும்பம், அவங்க கையில கிணத்து உரிமை. ஆள கயித்துல கட்டி எறக்குவாங்க, உள்ள விஷக்காத்து, சில நிமிஷத்துக்கு மேல தாங்காது, எறங்குறதுக்கு முன்னாடியே கண்ணக் கட்டி வச்சிருவாங்களாம், அப்பத்தான் உள்ள போனதும் இருட்டு பழகியிருக்கும், பாத்துக்கிட்டு நிக்க நேரம் கெடையாது. இத முதல்ல படிச்சப்ப எனக்குத் தொண்டை அடைச்சுது, இன்னிக்கும் கிணத்துக்குள்ள எட்டிப் பாத்தா அதான் ஞாபகம் வருது.

1855-ல ஆவா ராஜாவப் பாக்கப் போன பிரிட்டிஷ் தூதுக்குழுவோட தாமஸ் ஓல்டாம்னு ஒரு புவியியல்காரரும் போனாரு. கல்லு ரெண்டு பக்கமும் சரிஞ்சு நடுவுல மேடா இருக்கு, கிணறெல்லாம் அந்த மேட்டுலதான் இருக்குன்னு அவரு கவனிச்சு எழுதினாரு. இன்னிக்கு உலகம் பூரா எண்ணெய் தேடுறவங்க முதல்ல தேடுறது அந்த மேட்டத்தான்.

சிரியத்துலதானே எண்ணெய் கிடைச்சுது? அதான் இங்க ரிஃபைனரி?

இல்ல. இங்க ஒரு சொட்டும் கிடைக்கல, இங்க வந்து காச்சினாங்க. பர்மா ஆயில் கம்பெனி, அதான் நம்மாளுங்க வாயில பி.ஓ.சி., 1886-ல ஆரம்பிச்சது. யேனான்ஜவுங் எண்ணெய் முதல்ல ஆத்துல படகுல வந்துச்சு, அப்புறம் குழாய் போட்டாங்க. ஆறும் கடலும் பக்கத்துல இருக்கிறதால கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்ப சிரியம் வசதி. எண்ணெய் காச்சுறதுக்குக் கல்லு தேவையில்ல, கப்பல் துறைதான் தேவை.

இன்னொரு சங்கதி, நம்ம எண்ணெய்ல மெழுகு சாஸ்தி. 1850-கள்லயே ரங்கூன் எண்ணெய லண்டனுக்குக் கொண்டுபோய் மெழுகுவத்தி பண்ணினாங்க. அதே பர்மா ஆயில் கம்பெனிதான் பின்னால பெர்சியாவுல எண்ணெய் தேடப் பணம் போட்டுச்சு, 1909-ல அதுக்குன்னு தொடங்கின கிளைக் கம்பெனிதான் இன்னிக்கு பி.பி.ங்கிற பெரிய எண்ணெய்க் கம்பெனி.

1942 மார்ச்ல ஜப்பான்காரன் வர்றான்னதும் அவன் கையில சிக்கக்கூடாதுன்னு பிரிட்டிஷ்காரங்களே சிரியம் ரிஃபைனரியக் கொளுத்தினாங்க, அடுத்த மாசம் யேனான்ஜவுங் கிணறுங்களையும் நாசம் பண்ணினாங்க. எங்க தாத்தா அப்ப இளந்தாரி. பகல்ல சூரியன் தெரியாத அளவுக்குப் புகைன்னு சொல்லுவாரு, அவரு அண்ணன் அந்தப் புகைக்கு முதுகக் காட்டிக்கிட்டு அரக்கான் பக்கமா நடந்து போனவரு, தாத்தா போகல. ஏன் போகலன்னு கேட்டா சிரிப்பாரு.

எண்ணெயும் கேஸும் ஒண்ணா? வீட்டு சிலிண்டர்ல இருக்கிறதும் அதேதானா?

சொந்தக்காரங்க, ஆனா ஒண்ணு இல்ல. இயற்கை எரிவாயுங்கிறது பெரும்பாலும் மீத்தேன், ரொம்ப லேசு, ரங்கூன்ல சிஎன்ஜி பஸ்ஸுல ஓடுறது அது. சிலிண்டர்ல இருக்கிறது புரொப்பேனும் பியூட்டேனும், கொஞ்சம் அமுக்கினாலே தண்ணியாயிரும், அதனாலதான் சிலிண்டர ஆட்டினா தளும்புது. ரெண்டுக்குமே சொந்த வாசம் இல்ல, கசிஞ்சா தெரியணும்னு நாத்த மருந்து கலக்குறாங்க. மீத்தேன் காத்தவிட லேசு, மேல போகும். சிலிண்டர் கேஸ் காத்தவிட கனம், தரையிலேயே படுத்துக்கெடக்கும், அதனால அடுப்பு கசிஞ்ச வாசம் வந்தா கீழ வரைக்கும் காத்து வர மாதிரி கதவத் தொறங்க, ஸ்விட்சத் தொடாதீங்க.

கேஸ் ரெண்டு வழியா உண்டாகும். ஒண்ணு மேல சொன்ன மாதிரி ஆழத்துல வெந்து. இன்னொண்ணு சூடே இல்லாம, அதிக ஆழம் போகாத சேத்துல இருக்கிற நுண்ணுயிருங்க தின்னு கழிச்சு விடுறது, வயக்காட்டுச் சேத்த மிதிச்சா குமிழி வருதே அதே வேலைதான், பெரிய அளவுல. நம்ம கடல்ல இருக்கிற கேஸ் பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகை. மர்த்தபான் வளைகுடாவுல யதனா கேஸ், அது இருக்கிறது பழைய பவளப்பாறை சுண்ணாம்புக்கல்லுக்குள்ள, 1998-லேர்ந்து எடுக்குறாங்க, கடலுக்கு அடியில 300 கிலோமீட்டருக்கு மேல குழாய்ல கரைக்கு வந்து பெரும்பகுதி தாய்லாந்துக்குப் போகுது. அரக்கான் கடல்ல ஷ்வே கேஸ் மணலுக்குள்ள, 2013-லேர்ந்து சாவ்க்பியூ வழியா சீனாவுக்குப் போகுது. சாவ்க்பியூன்னா பர்மா பாஷையில வெள்ளைக்கல்லு. கேஸ் எல்லாம் வெளிய போய் நமக்குக் கரண்ட் ஏன் இல்லன்னு கேட்டா அதுக்குப் பதில் கல்லுல இல்ல, டீக்கடையில பேசிக்கலாம்.

மின்புல சேறு கொதிக்குதே, அது எரிமலையா? நாகம் மூச்சு விடுதுன்னு சொல்றாங்களே?

கையை வச்சுப் பாருங்க, சுடாது. அது நாகக்குன்று, கீழேர்ந்து ஏறி வர்ற கேஸ் வழியில இருக்கிற தண்ணியையும் களியையும் கலக்கிச் சேறாக்கி மேல தள்ளுது, அது வழிஞ்சு காஞ்சு கூம்பு மாதிரி ஆயிருச்சு. குமிழில நெருப்பு வச்சா எரியும், வைக்காதீங்க. போப்பாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அரக்கான் கரையில ராம்ரீ, செடுபா தீவுங்கள்லயும் இருக்கு. எனக்கென்னமோ நாகம்னு சொன்னவங்க ரொம்பத் தப்பாச் சொல்லிடலன்னுதான் தோணுது, கீழ ஏதோ ஒண்ணு அடைபட்டுக் கெடந்து மூச்சு விடுதுங்கிறது சரிதானே.

நிலக்கரியும் இப்படித்தானா?

அது கரையில வளர்ந்த மரம், செடி சதுப்புல அமுங்கி வெந்தது. எண்ணெய் தண்ணில வாழ்ந்தது. நம்ம நாட்டுல கலேவா பக்கம் கரி எடுக்குறாங்க. மாக்வே பக்கம் ரோட்டோரத்துல கெடக்குற கல்மரம் வேற சமாச்சாரம், மரத்துக்குள்ள சிலிக்கா புகுந்து கல்லானது, அது எரியாது.

கருங்கல்லுல எண்ணெய் கிடைக்கவே கிடைக்காதா?

அபூர்வமா கிடைக்கும். வியட்நாம் கடல்ல வெள்ளைப்புலின்னு ஒரு வயல், அங்க கிரானைட் நொறுங்கி வெடிச்சுக் கெடக்கு, பக்கத்து ஷேல்ல உண்டான எண்ணெய் அந்த வெடிப்புக்குள்ள குடியேறிருச்சு. கிரானைட் எண்ணெயப் பெத்ததில்ல, வாடகைக்கு விட்டிருக்கு, அவ்வளவுதான்.

தோண்டாமயே எங்க இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்குறாங்க?

பலாப்பழத்தத் தட்டிப் பாத்து வாங்குறமே அதுதான். தரையில கனமான வண்டிய வச்சு அதிர வைப்பாங்க, கடல்ல கப்பலுக்குப் பின்னால அமுக்கின காத்த டப்புன்னு வெடிக்க விடுவாங்க, சத்தம் கீழ போய் ஒவ்வொரு கல்லடுக்குலயும் பட்டுத் திரும்பி வரும், எந்த அடுக்குலேர்ந்து எவ்வளவு நேரத்துல திரும்புச்சுன்னு கம்ப்யூட்டர்ல போட்டா கல்லோட மடிப்பு படமா வரும். அந்தப் படத்துல கவுத்த சட்டி தெரியும். சட்டிக்குள்ள எண்ணெய் இருக்கா தண்ணி இருக்காங்கிறது தோண்டினாத்தான் நிச்சயம், அதனாலதான் கோடி கோடியா செலவு பண்ணி வெறுங்கையோட திரும்புறவங்களும் உண்டு. மாக்வே பக்கத்துல மூணு கம்பு நட்டு முக்காலி கட்டி, ஒரு பழைய எஞ்சின் வச்சு சொந்தமா தோண்டுற ஏழைங்களும் இருக்காங்க, அவங்களுக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் கெடையாது, பக்கத்துக் குழியில வந்துச்சா, அப்ப நம்ம குழியிலயும் வரும்.

எண்ணெய் உறிஞ்சி எடுத்துட்டா கீழ காலியாயிரும், அதனாலதான் 2025-ல பூகம்பம் வந்துச்சா?

இத அந்த வருஷம் எத்தனை பேர் கேட்டாங்கன்னு சொல்லி முடியாது. 2025 மார்ச் 28-ந்தேதி மண்டலே பக்கம் வந்தது 7.7, அது சகாயிங் பிளவு. ரெண்டு பெரிய தட்டு ஒண்ண ஒண்ணு உரசிக்கிட்டு வருஷத்துக்கு 2 சென்டிமீட்டர் கணக்குல நகரப் பாக்குது, பல எடத்துல மாட்டிக்கிட்டு நகராம வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டு நிக்கும், ஒரு நாள் அறுந்த மாதிரி ஒரேயடியா நகர்ந்துரும். 1,200 கிலோமீட்டர் நீளப் பிளவு அது, மனுஷன் போட்ட ஓட்டை அதுக்குக் கொசுக்கடி.

கேள்வியே அபத்தம்னு சொல்லிடவும் முடியாது. நெதர்லாந்துல குரோனிங்கன்னு ஒரு பெரிய கேஸ் வயல், எடுக்க எடுக்க அமுக்கம் கொறஞ்சு மணல்கல்லு அமுங்கி சின்னச் சின்ன பூகம்பம் வந்துச்சு, 2012-ல 3.6 அளவுக்கு ஒண்ணு வந்து வீடெல்லாம் கீறல் விட்டுச்சு, கடைசியில வயலையே மூடிட்டாங்க. அமெரிக்காவுல ஓக்லஹோமாவுல கழிவுத்தண்ணிய ஆழத்துல திரும்பச் செலுத்தினதால 2016-ல 5.8 வரைக்கும் வந்துச்சு. கீழ காலியானதால இல்ல பாருங்க, சந்துல இருந்த அமுக்கம் மாறினதால. எண்ணெய் போன எடத்துல பெரும்பாலும் தண்ணி ஏறி நிக்கும், குகை எதுவும் உண்டாகாது.

தீந்துபோச்சுன்னா மறுபடி ஊறுமா?

கிணத்துத் தண்ணி மாதிரி ராத்திரியில ஊறாது. இன்னிக்கும் எங்கயோ கடலடியில சேறு படிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு, ஐராவதி மண்ணும் அதுல சேர்த்தி, சில கோடி வருஷம் கழிச்சு வந்து பாருங்க. ஆனா ஒண்ணு, ஒரு வயல மூடுறப்ப எண்ணெய் பூரா தீந்துபோச்சுன்னு அர்த்தம் இல்ல. சராசரியா மூணுல ஒரு பங்குதான் வெளிய எடுக்க முடியுது, மிச்சம் கல்லோட சந்துல ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னு அடம் புடிக்கும். சாம்பார் இட்லிய எவ்வளவு புழிஞ்சாலும் கொஞ்சம் நிக்குமில்ல. யேனான்ஜவுங்ல மெஷின் வச்சுத் தோண்ட ஆரம்பிச்சு 130 வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் கொஞ்சம் கொஞ்சமா வந்துக்கிட்டுத்தான் இருக்கு.

எங்க வீட்டுக் கிணத்துத் தண்ணி மேல எண்ணெய் மாதிரி வானவில் கலர்ல மெதக்குது. எண்ணெய் இருக்குமா சயா?

போன மாசம் கூட ஒரு அண்ணன் பாட்டில்ல புடிச்சுக்கிட்டே வந்துட்டாரு, மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம். ஒரு குச்சிய எடுத்து அந்தப் படலத்தக் குத்துங்க. கண்ணாடி ஒடஞ்ச மாதிரி துண்டு துண்டாப் பிரிஞ்சு அப்படியே நின்னா அது எண்ணெய் இல்ல, தண்ணில இருக்கிற இரும்புல வளர்ற பாக்டீரியா. குச்சிய எடுத்ததும் திரும்ப ஒட்டிக்கிட்டு சுழிஞ்சா எண்ணெய்தான். அண்ணன் கொண்டாந்தது நெசமாவே ஒட்டிக்கிச்சு. மோந்து பாத்தேன், டீசல். கரண்ட் இல்லாத ஊரு, பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் எந்தப் பக்கம் வச்சிருக்காங்கன்னு கேட்டேன், கிணத்துப் பக்கம்தான்னாரு.